அக்காவின் மாத்திரையை விழுங்கினேன்

மலேசியாவின் ஈப்போவில் எனக்கும் அக்காவுக்கும் அடுத்தடுத்த வீடு. சாவியைத் தொலைப்பது, அடுப்பை அணைக்க மறப்பது இருவருக்கும் உண்டு. போன வருடம் டாக்டர் பரிசோதித்து, அவளுக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு என்றார். அதிலிருந்து அவள் மறந்தால், "பாவம்லா" என்பார் அம்மா. நான் மறந்தால், "ஒனக்கு என்னா கேடு?"

வயிறெரிந்து, ஒருநாள் அவளுடைய மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டேன். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. அக்காதான் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். நல்லவேளை, தப்பித்தேன்.

அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். தூக்கம், கவலை, வேலை என்று நெடுநேரம் விசாரித்தவர், சிறுவயதில் நான் எப்படி என்று அக்காவோடு உடன் வந்திருந்த அம்மாவைக் கேட்டார்.

"சின்ன வயசுல இவ ஒன்னும் தொலைச்சதில்ல டாக்டர். பெரியவதான் தொலைப்பா."

"இல்லம்மா," என்றாள் அக்கா. "ரப்பர் தோட்டத்துல குடியிருந்தப்ப இவ தொலைச்சதுக்கும் நான்தான்னு சொல்லி அடி வாங்கிக்கிட்டேன்லா."

அடி வாங்குவதிலும் முந்திக்கொண்டாளே என்று அப்போதும் எரிந்தது. அழுதுகொண்டே எரிந்தது.

எனக்கும் அந்தக் குறைபாடு உண்டா என்று டாக்டர் இன்னும் முடிவு சொல்லவில்லை. யாருடைய மாத்திரையையும் இப்போது தொடுவதில்லை. பொறாமை வந்தால் நேராக அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். அவள் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கலக்குவாள். அடுப்பை அணைத்தாளா என்று நான் போய்ப் பார்ப்பேன்.