தொட்டில் ஸ்பிரிங்கும் தண்ணீருக்குள் ஆடிய டின்னும்

பிள்ளைகளா, நம் வீட்டுக்கு மூன்றாவது குழந்தை வரப்போவதாகத் தேக்கா கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களே, அது எப்படிக் கிளம்பியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மகளே, உனக்குப் பள்ளியில் ஓர் அறிவியல் செய்முறை. ஸ்பிரிங்கில் தொங்கும் உருளை தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆடி எப்படி ஓய்கிறது என்று வீடியோ எடுத்துத் திங்கட்கிழமை காட்ட வேண்டும். நாலைந்து ஆட்டமாவது இருந்தால்தான் அளக்க முடியும் என்றாய். நல்ல ஸ்பிரிங் என்றால் எனக்குத் தெரிந்தது தொட்டில் ஸ்பிரிங்தான். ஞாயிறு காலையிலேயே தேக்காவுக்குப் போய்க் கேட்டேன்.

கடைக்கார அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாழ்த்துகள் அண்ணே! எப்போ டெலிவரி?"

"குழந்தைக்கு இல்லக்கா. தண்ணிக்குள்ள ஆட்டணும்."

"பிள்ளையையா?"

விளக்கினேன். "கண்ணு பட்டுடும்னு மறைக்கிறீங்க லா" என்று ஸ்பிரிங்கோடு ஒரு கிலுகிலுப்பையையும் சும்மா கொடுத்துவிட்டார்.

தம்பி, நீ புல்-அப் எடுக்கும் கம்பியில் ஸ்பிரிங்கை மாட்டினோம். பால்மாவு டின்னில் மணலை அடைத்துத் தொங்கவிட்டோம். வெறும் காற்றில் டின் ஓயாமல் ஆடியது. வாளித் தண்ணீருக்குள் இறக்கினால் இரண்டே ஆட்டம், நின்றுவிட்டது. உன் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வழுக்கினால் ஓடும் என்று டின்னுக்கு நல்லெண்ணெய் பூசினேன். அப்போதும் இரண்டுதான்.

"என்னங்க, ஊறுகாயா போடுறீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

மகளே, நீதான் வாளியைக் குனிந்து பார்த்தாய். "அப்பா, டின்னுக்கும் வாளிக்கும் நடுவுல இடமே இல்ல. டின் இறங்கினா தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

ஞாயிறு சாயங்காலக் கூட்டம் நெரியும் சிராங்கூன் ரோட்டு நடைபாதையில் பெரிய பையோடு நடப்பதை நினைத்துக்கொண்டேன். விலக இடம் இருந்தால்தானே வழி கிடைக்கும்; உடனே புரிந்துவிட்டது.

தீபாவளித் தோரணங்கள் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியை அம்மா கவிழ்த்துக் கொடுத்தாள். அதில் தண்ணீர் நிரப்பி டின்னை இழுத்து விட்டோம். ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, மறுபடியும் ஆடியது. நான் சத்தம் போட்டு எண்ணி முதல் வீடியோவைக் கெடுத்தேன். இரண்டாவதில் அம்மா என் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். ஏழு ஆட்டம்!

திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்குப் போனபின் பெட்டியைக் காலி செய்யப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. பிறகு தண்ணீர் சிந்திய தரையைத் துடைத்தேன்.