பத்தாவது அடி

ஏற்காட்டில் டாக்சி ஓட்டுகிறவனுக்கு விடுமுறை என்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம், பந்தியில் மட்டும் உட்கார முடியாது. இருபத்தெட்டு வருடமாக நான் யார் யார் குடும்பத்தையோ ஏரிக்கும் பகோடா முனைக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் கூட்டிப்போய், அவர்கள் படம் எடுத்துக்கொள்ளும்போது குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேசியதைக் கேட்டுச் சேர்த்தது. நல்ல பேச்சாக ஒன்று காதில் விழுந்தால் அடுத்த வளைவில் வண்டியை ஓரம் கட்டி நோட்டில் எழுதிக்கொள்வேன். நாமக்கல் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் சொன்னது அதில் இருக்கிறது: "இங்க வர்றவன் மலையப் பாக்க வர்றதில்லீங்க டிரைவர். தான் ரெண்டு நாளைக்கு ஊட்டுல இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு பாக்க வர்றான்."

அப்படிப்பட்ட எங்களை எங்கள் மகள் மொரிஷியஸ் தீவுக்கு வரச் சொன்னாள். அவள் வேலை செய்யும் ஓட்டலில் பணியாளர்களின் பெற்றோர் ஒரு வாரம் விருந்தாளிகளாகத் தங்கலாமாம். சாப்பாடு, கடல், கோல்ஃப் எல்லாம் உண்டாம். என் மனைவி முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க போயி நீங்க யாருக்குங்க வண்டி ஓட்டுவீங்க?"

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டக்கலையில் டிப்ளமோ படித்தாள். காபி, மிளகு என்று நம் மலையோடு இருப்பாள் என்று நினைத்தேன். அவளோ பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலைக்குப் போனாள். நான்கு வருடம் கழித்து அங்கிருந்து தீவுக்கு. புல் வளர்க்கிற வேலையா என்று எங்கள் ஊர் நாகலூரில் கேட்டவர்களிடம் நான் 'கிரவுண்ட் ஆபீசர்' என்று சொல்லி வைத்திருந்தேன். புல்லைப் பிடுங்கித்தான் எங்கள் பக்கம் கூலி. வளர்த்தால் சம்பளம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஆக, நான் தீவுக்குப் போனது விடுமுறைக்காக மட்டும் அல்ல. நாகலூரில் எங்கள் வீட்டுக்கு மேலே இரண்டு ரூம் கட்டிவிட்டிருந்தேன். சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட. ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்களும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் தெரியும். மகள் திரும்பி வந்து அதை நடத்த வேண்டும், கீழே இருக்கிற ஒன்றரை ஏக்கர் காபியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளை எப்படியாவது பேசிக் கூட்டி வந்துவிடுவது என்றுதான் விமானம் ஏறினேன். மனைவிக்கு என்னைத் தெரியும். மூன்று நாளைக்கு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று சேலம் போகும் வழியிலேயே, இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள், சத்தியம் வாங்கிவிட்டாள்.

தீவில் அது குளிர்காலம். எங்கள் ஊர் கார்த்திகை மாதிரி இருந்தது. கடல் மட்டும்தான் புதுசு. விருந்தாளியாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று அங்கேதான் தெரிந்தது. மனைவி காலையில் எழுந்ததும் படுக்கை விரிப்பை உதறி மடித்து, குளியலறைத் தரையைத் துடைத்து, ரூம் துப்புரவு செய்ய வந்த பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் காரில் ஏறும்போதெல்லாம் தவறாமல் டிரைவர் பக்கக் கதவுக்கே போய் நின்றேன்.

முதல் நாள் சாயங்காலம் நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். மகள் எங்களை ஓட்டலின் கோல்ஃப் மைதானத்தில் ஒரு சுற்று நடக்க விட்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு முன்னால் போனேன். மனைவி பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தால் முந்தானையைச் சேர்த்துப் பிடித்திருக்கிறாள், உள்ளே ஒன்பது வெள்ளைப் பந்து. அதில் இரண்டு, ஆடிக்கொண்டிருந்தவர்களுடையது. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் தன் பந்தைத் தேடிப் புதரைக் கிளறிக்கொண்டிருந்தார். மனைவி ஒரு பந்தை முந்தானையில் துடைத்து, பழம் கொடுப்பது போல அவர் கையில் வைத்தாள்.

மகள் ஓடி வந்து அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அம்மாவிடம், பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்துதான் அடிக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று விளக்கினாள். மனைவியின் நியாயம் வேறு. பதினாறு வயதிலிருந்து எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவள் அவள். செடியில் பறிப்பது பாதி வேலை. கீழே உதிர்ந்ததை ஒன்று விடாமல் பொறுக்குவது மீதி வேலை. விட்டால் அதில் வண்டு புகுந்து அடுத்த வருட மகசூலையே தின்றுவிடும். கீழே கிடப்பதைத் தாண்டிப்போக அவளுக்குக் கால் வராது. ஆனாலும் இனித் தொடுவதில்லை என்று மகளுக்குச் சொன்னாள். சொன்ன சொல் சொன்னதுதான். அதற்குப் பிறகு மூன்று நாட்களும் மைதானத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாள். பந்து காலடியில் வந்து நின்றால்கூட சுற்றிக்கொண்டு போனாள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் விடிந்ததும் மகளோடு போய் அவள் வேலையைப் பார்த்தோம். என் நோட்டில் ஆறு பக்கம் அதுதான். குழி இருக்கிற வழவழப்பான வட்டத்தை 'கிரீன்' என்கிறார்கள். அங்கே புல் எவ்வளவு குட்டை என்றால், ஒரு அரிசி மணியை நட்டு நிறுத்தினால் அது புல்லைவிட உயரமாக நிற்கும். பனித்துளி புல்லில் தங்கினால் நோய் வரும் என்று இரண்டு பேர் நீளமான கயிற்றின் இரு முனையைப் பிடித்து மேலோட்டமாக இழுத்துப் பனியை உதறினார்கள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். நடந்து முடித்துத் திரும்பித் தன் காலடியைப் பார்த்தாள். மிதிபட்ட புல் உடனே எழுந்துகொண்டால் நல்லது, எழ நேரமானால் அதற்குத் தாகம் என்றாள். ஒரு இடத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, எதையோ பார்த்தாள். எழுந்து வந்து தன்னிடம் வேலை செய்யும், என்னைவிட உயரமான ஆளிடம் அந்த ஊர்ப் பேச்சில் இரண்டே வார்த்தை சொன்னாள். அவர் புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைக் கழற்றித் தீட்டப் போய்விட்டார்.

குழியைக்கூட தினமும் இடம் மாற்றுகிறார்கள். ஒரே இடத்தில் இருந்தால் அதைச் சுற்றிப் புல் தேய்ந்துவிடுமாம். எந்தக் கிரீனில் எங்கே குழி வெட்டுவது என்று காலையில் முடிவு செய்கிறவள் என் மகள். மேட்டில் வைத்தால் பெரிய ஆட்டக்காரனுக்கும் வேர்த்துவிடும். பள்ளத்தில் வைத்தால் குழந்தை தட்டினாலும் பந்து தானாக உருண்டு போய் விழும். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

மூன்று நாள் கெடு முடிந்தது. நான்காம் நாள் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தேன். ரூம், ஜன்னல், மிளகுக் கொடி, வருகிற சீசன், பக்கத்து ஊர் வாழவந்தியில் இப்படி ரூம் விட்டுப் பிழைக்கிற ஒருவரின் கதை, எனக்கு வரப்போகிற வயது எல்லாம் சொன்னேன். சாப்பாடு ஆறிப்போனது. மகள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்கப்பா, பேச்சுல உங்களை நான் ஜெயிக்க முடியாதுங்க. நாளைக்கு எம்பட கிரீன்ல வந்து ஆடுங்க. மட்டையில பத்து அடி அடிக்கறதுக்குள்ள பந்தைக் குழியில போட்டுட்டீங்கன்னா நான் அடுத்த மாசமே ஊட்டுக்கு வந்தர்றேன். போடலீன்னா அந்த ரூம் பேச்சை உட்டரோணும்."

அவள் 'எம்பட கிரீன்' என்று சொந்தம் கொண்டாடியது மைதானத்தின் ஏழாவது குழி. கடல்காற்றில் கருகிக் கிடந்த அந்த இடத்தை அவளே மண் மாற்றி, புல் நட்டுக் கொண்டுவந்திருந்தாள். நன்றாக ஆடுகிறவர்கள் அதை மூன்று அடியில் முடிப்பார்களாம். எனக்குப் பத்து. சரி என்றேன். மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அப்பனும் மகளும் ஒரே வார்ப்புங்க" என்றாள்.

மறுநாள் காலை மட்டையைப் பிடித்து நின்றேன். உயரமான அந்த ஆளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். முதல் அடி பந்தில் படாமல் காற்றில் போனது. அதுவும் கணக்குத்தானாம். இரண்டாவதில் பந்து கோழி மாதிரி நாலு எட்டு ஓடி நின்றது. மூன்றும் நான்கும் மணல் குழிக்குள். மணலிலிருந்து வெளியே வர இன்னும் மூன்று. மகள் என் தோளைத் திருப்பி, காலை நகர்த்தி, எப்படி நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாள். தோற்கடிக்க வேண்டியவனுக்கு அவ்வளவு பொறுமையாக யாரும் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எட்டாவது அடி நேராகப் போனது. ஒன்பதாவதில் பந்து நன்றாக எழும்பி, கிரீனின் நடுவே பொத்தென்று விழுந்து நின்றது. குழி அங்கிருந்து நாலு எட்டு.

கிட்டே போனபோதுதான் கவனித்தேன். குழி கிரீனின் பள்ளத்தில் இருந்தது. முந்தின நாள் அது மேட்டு ஓரத்தில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஏன் கண்ணு இங்கே வெட்டினாய் என்று கேட்டேன்.

"மேட்டுல வெச்சு உங்களை ஏமாத்தி ஜெயிக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்கப்பா," என்றாள்.

நான் அடித்தேன். மட்டையில் பட்டபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. அவள் அரிசி மணியைவிடக் குட்டையாக வெட்டி வைத்த புல்லில் பந்து ஒரு சத்தமும் இல்லாமல் பள்ளத்தை நோக்கி இறங்கியது. அது கண்டிப்பாக விழும். மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பந்தைப் பார்க்கவில்லை. என் ஒன்பதாவது அடியில் பந்து விழுந்து கிரீனில் ஒரு குழிவு விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் மண்டியிட்டு, சின்ன முள்கரண்டி மாதிரி ஒன்றால் சுற்றியிருந்த புல்லை நடுப்பக்கம் இழுத்து, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தாள். தன் வேலை போகிறதா இருக்கிறதா என்பது நாலு எட்டுத் தூரத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. அவளுக்கு என் பந்து செய்த காயம்தான் கண்ணில் பட்டது.

மனைவியும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தாள், இரண்டு எட்டு வைத்தாள், குனிந்தாள். குழிக்கு ஒரு சாண் முன்னால் உருண்டுகொண்டிருந்த பந்தை எடுத்து முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க பந்து. கீழ கெடந்துச்சுங்க."

உயரமான ஆள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். மகள் மண்டியிட்டபடியே "அம்மா" என்றாள், அவ்வளவுதான். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நடந்தவளுக்கு ஐந்தாம் நாள் திடீரென்று பழக்கதோஷமா? முப்பது வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா? பந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பத்து முடிந்தது கண்ணு, ரூம் பேச்சும் முடிந்தது என்றேன். மீதி இருந்த இரண்டு நாளும் நாங்கள் நிஜமான சுற்றுலாக்காரர்களாக இருந்தோம். கடலில் முழங்கால் வரை நின்றோம். எங்களைப் படம் எடுக்க இன்னொரு டிரைவர் எங்கள் கையிலிருந்து கேமராவை வாங்கினார்.

ஊருக்கு வந்து ரூம்களை மனைவியே நடத்துகிறாள். வருகிறவர்களுக்கு அவள் கேழ்வரகுக் களியும் கீரையும் போடுகிறாள். யாரும் ஒரு நாளோடு கிளம்புவதில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் இப்போது புல் வளர்க்கிறாள் என்றே சொல்கிறேன். அப்புறம் அரை மணி நேரம் அந்தப் புல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைக் கிளியூர் அருவிக்குக் கூட்டிப்போனேன். கோல்ஃப் ஆடுகிறவர். விடுவேனா? பத்தாவது அடிக் கதையை முழுக்கச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார், கிரீனில் உருளும் பந்தை வேறு யாராவது எடுத்துவிட்டால் அந்த அடி கணக்கில் சேராதாம். பந்தைப் பழைய இடத்தில் வைத்துத் திரும்ப அடிக்க வேண்டுமாம். அதுதான் சட்டமாம். "உங்க பொண்ணுக்கு இது தெரியாம இருக்காதே" என்றார்.

அருவிக்குப் போகிற பாதையின் தொடக்கத்தில் வண்டியை நிறுத்தி அவரை அனுப்பிவிட்டு, மகளுக்கு போன் போட்டேன். அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அவள் நிறுத்தினாள்.

"தெரியுமுங்கப்பா," என்றாள். "நீங்க எப்பக் கண்டுபிடிப்பீங்களோன்னு இத்தனை மாசமா பயந்துக்கிட்டே இருந்தேனுங்க."

"பயப்படாத சாமி. அந்த ஒரு அடி எங்கிட்டயே இருக்கட்டும். உனக்கா எப்பவாச்சும் ஊட்டுக்கு வரோணும்னு தோணுச்சுன்னா ஒரு போன் பண்ணு. வந்து அடிச்சுட்டுக் கூட்டிக்கிட்டு வந்தர்றேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் முற்றத்தில் காய்ந்த மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"அப்பவும் குழியில போட்டாத்தானுங்களே?"