முதுகில் ஏழு வட்டம்

சீனாக்காரனை எங்கள் குப்பத்துக்குக் கூட்டிவந்தது என் மாமாதான். சைதாப்பேட்டைப் பக்கம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய புதிது. மாமா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர். எந்த வியாதிக்கும் அங்கே சீனாக்காரர்களிடம் வைத்தியம் உண்டென்று அடித்துச் சொல்லுவார். மயிலாப்பூர்த் தெருக்களில் பட்டுத்துணி விற்றுக்கொண்டிருந்த அந்த மனுஷனை எப்படியோ மடக்கி, அடையாறு கடலில் சேரும் இடத்திலிருந்த எங்கள் குடிசைக்கு இழுத்துவந்துவிட்டார்.

நைனா அப்போது ஒரு மாதமாகக் குப்புறக் கிடந்தார். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது இடுப்பில் பிடித்தது, எண்ணெய்க்கும் ஒத்தடத்துக்கும் விடவில்லை. அம்மா விடியுமுன்னே அடுத்தவர் மீனை வாங்கித் தலையில் சுமந்துபோய் விற்றாள். வீட்டில் கஞ்சிதான், அதுவும் அரை வயிற்றுக்கு.

சீனாக்காரன் முடிபோல மெல்லிய ஊசிகளை நைனாவின் இடுப்பில் குத்தினான். நைனா சிரித்தார், நான்தான் அழுதேன். பிறகு மூங்கில் குவளைகளுக்குள் நெருப்பைக் காட்டி முதுகில் கவிழ்த்தான். சற்றுப் பொறுத்து எடுத்தபோது நாவல்பழ நிறத்தில் ஏழு வட்டங்கள். என்ன மாயமோ, அன்றைக்கு நைனா யார் கையையும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தார். கொடுத்த சுறாக் கருவாட்டை மோந்து பார்த்து மூட்டையில் போட்டுக்கொண்டு, சீனாக்காரன் விரலை ஆட்டிச் சொன்னான்: "கருப்பு போச்சு, அப்புறம் கடல். கருப்பு இருக்கு, கடல் இல்லே."

எங்கள் வீட்டில் கண்ணாடி ஏது? தினமும் அம்மா கூடையோடு கிளம்பிய பிறகு, நைனா என்னிடம் முதுகைக் காட்டுவார். இன்னும் இருக்கிறதென்று நான் சொல்வேன், அவர் மறுபடி குப்புறப் படுத்துக்கொள்வார். ஐந்தாம் நாள் கரையெல்லாம் நெத்திலி. பக்கத்துக் குடிசையில் வறுக்கிற வாசனைக்கு என் வயிறு முறுக்கியது. ஏழு வட்டமும் அப்படியேதான் இருந்தன.

"இன்னாடி, போச்சா?"

"போச்சி நைனா."

"ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

நைனா என் தலையைத் தடவினார். துண்டை எடுத்து முதுகு மூடப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மரத்தைத் தள்ளக் குனிந்தவர் நிமிரவே இல்லையாம். கால்கள் துவண்டு தொங்கின. அப்புறம் பதினோரு வருஷம், சாகிற வரைக்கும், அவர் எழுந்து நிற்கவில்லை.

அடுத்த வாரம் பார்த்துவிட்டுப் போக வந்த சீனாக்காரனைக் குப்பமே சேர்ந்து விரட்டியது. அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அந்த மனுஷனுக்கு எதற்கென்றே புரியவில்லை. பாவி நான், அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடிசைக்குள் கிடந்த நைனாவுக்கும் எல்லாம் கேட்டது. அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் பொய்தான் அவரை முடக்கியது என்றே வளர்ந்தேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். அந்தத் துண்டு மட்டும் வெகுகாலம் புத்தியில் ஏறவில்லை. கட்டுமரத்துக்குப் போகிற எவனும் மேலுக்குத் துணி போடமாட்டான். முதுகில் ஒன்றுமே இல்லையென்று நம்பியவர், கரையில் யார் கண்ணிலிருந்து எதை மறைத்தார்? அம்மா தினமும் சாயங்காலம் வீட்டில்தான் இருந்தாள். அவளை ஒருநாளும் கேட்கவில்லை. பசியோடிருந்த எட்டு வயசுப் பிள்ளையைத்தான் கேட்டார்.