வட்டத்தை மூடினேன்

அறையில் இருந்தவர்கள்: வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்த சார். எங்கள் மேடம். அரியர் எழுத வந்த ஒரு பெண். அட்டெண்டர் நான்.

2009, கோடை விடுமுறை. சிதம்பரத்தில் ஹாஸ்டல் காலி.

சைக்காலஜி பிராக்டிகலில் ஒரு முறை உண்டு. பரீட்சை எழுதுபவர் ஓர் ஆளை உட்கார வைத்துச் சோதனை செய்து காட்ட வேண்டும். அந்த ஆளை சப்ஜெக்ட் என்பார்கள். கூடப் படிப்பவர்களே மாறி மாறி உட்கார்ந்துகொள்வார்கள். இந்தப் பெண்ணோடு படித்தவர்கள் போன வருஷமே முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாற்பது எடுத்தால் பாஸ். இந்தத் தடவையும் போனால் படிப்பு வேண்டாம் என்று நெல்லிக்குப்பத்தில் அவள் அப்பா சொல்லிவிட்டார். வராந்தாவில் என்னிடம் அவளே சொன்னாள்.

"அண்ணே, எனக்கு ஆளே இல்ல. நீங்க ஒக்கார்றீங்களா?"

உட்கார்ந்தேன். ஐந்து வருஷமாக அந்த அறையைப் பெருக்குகிறேன். அதில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

அவள் ஒரு தாளில் என்னைப் பற்றி எழுதிக்கொண்டாள். வயசு ஐம்பத்திரண்டு. படிப்பு எட்டாவது. ஊர் கடலூர்.

"வீட்ல எத்தினி பேருண்ணே?"

"ஒருத்தர்."

"ஒங்களச் சேத்தா?"

"சேத்துதான்."

மேற்கொண்டு கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டு அட்டைகள். ஒவ்வொன்றையும் கண் சிமிட்டும் நேரம் காட்டிவிட்டுத் திருப்பி வைப்பாள். பார்த்ததை நான் வரைய வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போன வட்டம், மூலை இல்லாத முக்கோணம், இப்படி. விட்டுப்போன இடத்தை மனுஷன் கண் தானாகவே நிரப்பிக்கொள்ளும் என்பது பாடம். மேடம் வருஷா வருஷம் அதை நடத்தும்போது நான் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன்.

அந்த அட்டைகளைச் சனிக்கிழமைதோறும் துடைத்து அடுக்குவதும் நான்தான். எதில் எந்தப் பக்கம் இடைவெளி என்று எனக்குத் தெரியும். இடைவெளியோடு வரைந்தால் பாடத்துக்கு மாறாகப் போகும், பெண் ஃபெயிலாகிவிடும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மூடினேன். கடைசி அட்டையில் இரண்டு சின்ன வளைவுகள், தள்ளித் தள்ளி. அதையும் சேர்த்து முழு வட்டமாகப் போட்டேன்.

சார் தாள்களைப் பார்த்தார். கடைசித் தாளைத் தனியே எடுத்தார்.

"இத ஒருத்தரும் வட்டமாப் பாக்க மாட்டாங்கம்மா. பொய்யாப் போடறவங்களக் கண்டுபிடிக்கன்னே வெச்ச அட்டை இது. அவரு கண்ணே இத மூடிச்சா, இல்ல நீ மூடச் சொன்னியா?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். "சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல. நாந்தான் தெரிஞ்சே போட்டேன். அட்டையெல்லாம் எனக்குத் தெரியும்."

"ஒங்கள யாருய்யா இந்த வேலையெல்லாம் பாக்கச் சொன்னது?" என்றார் மேடம்.

சார் கோபப்படவில்லை. "சரி, நெஜமா என்னதான் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

"எடம் விட்டிருக்கறது தெரிஞ்சுது சார். எல்லாத்துலயும்."

அட்டை தெரிந்த ஆள் செல்லாது, அரை மணி நேரத்துக்குள் வேறு ஆளைக் கூட்டி வரட்டும் என்றார். அவள் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். நான் டீக்கடைக்கு ஓடினேன்.

"ஒரு பத்து நிமிசம் வாய்யா. படம் பாத்து வரையணும், அவ்வளவுதான்."

"பரீட்சையா? அதுக்குப் பயந்துதானே டீ ஆத்த வந்தேன்! போண்ணே, பால் பொங்குது."

தனியாகத் திரும்பி வந்தேன். சப்ஜெக்டுக்கு அட்டைகள் முன்பே தெரியும், முடிவு செல்லாது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். சார் நாலு கேள்வி கேட்டார். இரண்டுக்குப் பதில் சொன்னாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் கடலூர் வந்தோம். அவள் முன்னால், நான் கடைசி சீட்டில். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கிட்டே வந்தாள்.

"ஏண்ணே அப்பிடிப் போட்டீங்க?"

"நீ பாஸாவணும்னுதான்."

"தோணுறதப் போடுங்கன்னு நானாவது சொல்லியிருக்கணும். அப்பிடிச் சொல்றதுக்கே அஞ்சு மார்க்கு. பயத்துல மறந்துட்டேன்."

நெல்லிக்குப்பம் டவுன் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். நான் நின்றேன். பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. பலகையில் ஒட்டியது நான். அவள் பார்க்க வரவில்லை. அவள் நம்பர் எனக்கு ஞாபகம் இருந்தது. பசை காய்வதற்குள் அதற்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன்.

முப்பத்தாறு.