அத்தான் விற்ற வரி மென்பொருள்

என் அக்கா புருஷனை நான் பழிவாங்கினேன். நன்றாகவே வாங்கினேன். வருத்தமாக இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் விஷயத்தில் எனக்கு எள்ளளவு வருத்தமும் இல்லை.

மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, கறுவாப்பட்டை வாங்கி விற்கிற கடை எங்களுடையது. பல்லேபொல, நாலந்தா பக்கத்து ஆட்கள் வீட்டுத் தோட்டத்தில் காய்ந்ததைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார்கள். வீட்டுக்காரர் லொறியோடு கொழும்புக்குப் போய்விடுவார். கடையும் கணக்கும் என் பொறுப்பு. வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு அனுப்புகிற வருமான வரி விவரத்திரட்டை மட்டும் அத்தான் போட்டுத் தருவார். ஏதோ கம்பனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் பாதிக் கடைகளின் வரி ஃபைல் அவர் கையில்தான் இருந்தது. கழுவின மீனில் நழுவின மீன் அவர். எதைக் கேட்டாலும் பதில் வந்த மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் இருக்காது.

அப்படிப்பட்டவர் ஒரு வரி மென்பொருளுக்கு ஏஜென்ட் ஆனார். வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும். கணக்கை உள்ளே போட்டால் அதுவே கூட்டிக் கழித்து, வரியைப் போட்டு, விவரத்திரட்டை நிரப்பிவிடும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். வரி வாங்குகிற இறைவரித் திணைக்களத்தின் இணையப் பக்கத்தில் நாமே இலவசமாகப் போடலாம் என்று எனக்கு ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். இரண்டில் எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

அக்கா பல்லேபொலவில் புது வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, சாப்பாட்டுப் பந்தியில் வைத்து அத்தானிடம் அதைச் சொல்லித் தொலைத்தேன். அவர் கையில் இருந்த பாயாசக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கேட்டீங்களா, கொழுந்தியா ஓசிப் பக்கத்துல ஃபைல் போடப் போறாளாம். மிளகு பொடைக்கிற கையி. மவுஸக் குடுத்தா அதையும் சொளகுல போட்டுப் பொடைப்பா."

கூடமே சிரித்தது. எங்கள் தெருக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்த ஒரு வாரம் அவருக்கு வீட்டில் சோறு கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

அடுப்படிக்குப் போய் நின்றேன். அக்கா பின்னாலேயே வந்தாள். அம்மா போனபிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். எனக்கு என்று இருக்கிற பிறந்த வீடே அவள் ஒருத்திதான்.

"விடு புள்ள, அவரு பேச்சு அப்படித்தான்," என்றாள். "நீ தனியா என்னா வேணாலும் சொல்லு, நான் கேக்க மாட்டேன். நாலு பேருக்கு முன்னால மட்டும் அவர ஒண்ணும் சொல்லிறாத. நான் இந்த வீட்டுல தலை நிமிந்து நடக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் ஆட்டவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நான் என் கஞ்சியை ஆறவிடவில்லை, அடுப்பிலேயே வைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். காசு கட்டுகிற மென்பொருள்தான் பார்க்க அழகு. கண்டியில் வேறொரு ஏஜென்டிடம் சொல்லி, கொஞ்ச நாள் பார்த்துத் திருப்பித் தருகிற மாதிரி அதே மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். பச்சைக் கலரில் வாங்க வாங்க என்று வரவேற்றது, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பாராட்டியது. என் மொத்தக் கணக்கையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு வரி இவ்வளவு என்று துப்பியது. இலவசப் பக்கம் அப்படியில்லை. முகம் கொடுத்துப் பேசாத கவுண்டர் கிளார்க் மாதிரி. ஒவ்வொரு கட்டமாக நானே தட்ட வேண்டும், இடையில் எழுந்து மிளகு நிறுத்துவிட்டு வந்தால் வெளியே தள்ளிவிடும், மறுபடி உள்ளே போக வேண்டும். நியாயமாகப் பார்த்தால் நான் சந்தா கட்டியிருக்க வேண்டும். அவரைப் பழிவாங்க வேண்டும் என்பதற்காகவே இலவசத்தைப் பிடித்துக்கொண்டேன். வேறு காரணம் கிடையாது.

கட்டம் கட்டமாகத் தட்டுகிறவள் கட்டத்துக்கு மேலே இருப்பதையும் வாசித்துத்தான் ஆக வேண்டும். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று அங்கே போட்டிருந்தது. ஏப்ரல் ஒன்று முதல் அடுத்த மார்ச் கடைசி வரை. ஒரு தடவை வாசித்தேன், தட்டப் போன விரல் நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் யாருக்கும் ஏப்ரல் ஒன்றில் வருஷம் பிறப்பதில்லை. தமிழ்க் கடையோ சிங்களக் கடையோ, சித்திரைப் புத்தாண்டு பிறந்து, நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேஷம் வாங்கிய பிறகுதான் புதுக்கணக்கு. அதற்கு முந்தின நாள் வரை எல்லாம் பழைய வருஷம். அந்தப் பழைய வருஷத்தின் கடைசி இரண்டு வாரத்தில்தான் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத வியாபாரம். துணிமணி எடுக்கக் காசு வேண்டும் என்று பதுக்கி வைத்த மிளகையெல்லாம் சனங்கள் கொண்டுவந்து கொட்டும். வருஷத்துக்கு வருஷம் அத்தான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வருசத்து மொத்தத்தச் சொல்லு." நானும் சித்திரையிலிருந்து சித்திரைக்குக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அவரும் அப்படியே போட்டிருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் அப்படியே போட்டிருப்பார். ஏப்ரலின் முதல் இரண்டு வார வியாபாரம் எல்லாருடைய ஃபைலிலும் தப்பான வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அந்த அழகான மென்பொருளிலும் திகதி எங்கேயாவது போட்டுத்தான் இருந்திருக்கும். காசு கொடுத்து வாங்கினால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம், யார் வாசிக்கிறார்கள்.

எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை எழுதினால் பாவம் பிடிக்கும். போன் எடுத்து அத்தானிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அக்கா கேட்டதும் அதைத்தான். போன் கையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் எங்கள் தெருக் கடைக்காரர்களைக் கூட்டி, பெரிய கடையின் மேல்மாடியில் மென்பொருளைப் போட்டுக் காட்டினார். கதிரை வாடகைக்கு எடுத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, பெரிய ஏற்பாடு. வடையும் டீயும் அக்கா கொண்டுவந்திருந்தாள். அவர் பேசி முடித்ததும் நான் எழுந்தேன்.

"அத்தான், ஒரு சந்தேகம். வருசப் பொறப்புக்கு முந்துன ரெண்டு வார யாவாரத்த இதுல எந்த வருசத்துல போடுறது?"

"இது என்னா கேள்வி? பழைய வருசத்துலதான்."

கடைக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். "பின்ன, கைவிசேஷம் வாங்காம புதுக்கணக்கு ஏது?" என்றார் பக்கத்துக் கடைக்காரர். அந்த நேரம் திரும்பினேன். வாசலில் அக்கா டீத் தட்டோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"கவர்மென்டுக்கு ஏப்ரல் ஒண்ணாந் தேதியே புது வருசம் அத்தான். அவங்க நம்ம பஞ்சாங்கத்தப் பாக்கிறதில்ல. இத்தன வருசமா எங்க எல்லார்கிட்டயும் காசு வாங்கிக்கிட்டுத் தப்பாவே போட்டுக் குடுத்திருக்கீங்க. இந்தாங்க, ஓசிப் பக்கத்துல மேலயே எழுதியிருக்கு. நீங்களே வாசிங்க." போனை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

அவர் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு கம்ப்யூட்டரை மூடினார். அந்தக் காட்சி இருக்கிறதே, பாயாசத்தை விட இனிப்பாக இருந்தது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் அபராதம் வருமா என்றார், ஒருவர் கட்டிய காசைத் திருப்பிக் கொடு என்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வந்த ஒரே ஆளையும் உட்கார வைத்துவிட்டார்கள். அக்கா தட்டை ஒரு கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். டீ யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்த மென்பொருளை ஒருவரும் வாங்கவில்லை. பழைய விவரத்திரட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினோம். பாதிப் பேருக்கு நான்தான் என் கடையில் உட்கார வைத்துத் தட்டிக் கொடுத்தேன். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

அத்தான் ஒடிந்துபோவார், எங்கள் தெருப் பக்கமே தலைகாட்ட மாட்டார் என்று நான் கணக்குப் போட்டேன். அவருக்கு எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே தெருவில் காப்புறுதி பாலிசி விற்றுக்கொண்டு போனார். என் கடை வாசலில் நின்று, "என்னா புள்ள, யாவாரம் எப்படி?" என்று கேட்டார். வெட்கப்படத் தெரிந்தவனைத்தான் பழிவாங்க முடியும். அந்த வீட்டுக்கு உரிய வெட்கம் முழுவதையும் அக்கா ஒருத்தியே எடுத்துக்கொண்டாள். டவுனுக்கு வருவதை நிறுத்தினாள். கோயில் தேருக்கும் வரவில்லை. நான் பல்லேபொலவுக்குப் போனால் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, அறைக்குள் போய்விடுகிறாள். என் போனை எடுப்பதில்லை.

அத்தான் எடுக்கிறார். எடுப்பது மட்டுமில்லை, அவரே கூப்பிடுகிறார். இப்போது அவரும் இலவசப் பக்கத்தில்தான் தன் ஃபைலைப் போடுகிறார். வங்கி வட்டியை எந்தக் கட்டத்தில் போடுவது, உள்ளே போகிற நம்பர் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார். அந்த மனுஷனின் குரலைக் கேட்டாலே எனக்கு இன்னும் பல் கூசுகிறது. இருந்தும் வைத்துவிடுவதில்லை. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதிலை நீட்டி நீட்டிச் சொல்கிறேன், மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன். அவருக்குப் பின்னால் அடுப்படியில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே யாரிடமோ பேசுவது கேட்கும்.