இடம்பெயர்ந்த தாராக்கள்

உம்மு ஹானி அந்த வருடம் பறவை எண்ணப் போனது பறவைமேல் வைத்த பாசத்தால் அல்ல. குளக்கட்டில் ஏறி நின்றால் அவளுடைய வாப்பாவின் வயல் தெரியும். சும்மா போய் நின்றால், அதில் நெல் விதைத்திருந்த சங்கிலி "என்ன அலுவல், தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவான். பறவை எண்ண வந்தேன் என்றால் வாயை மூடத்தானே வேண்டும்!

தொண்ணூறாம் ஆண்டு துப்பாக்கியோடு வந்தவர்கள் முல்லைத்தீவு முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு புறப்பட்டவள் அவள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் பதின்மூன்று வருடம். வாப்பா அங்கேயே மௌத்தானார். சமாதானம் என்றார்கள், பாதை திறந்தது, வயலின் உறுதிப் பத்திரத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் வயலில் சங்கிலியின் நெல்.

"நீங்கள் இல்லாத காலத்தில காடு பத்தை வெட்டித் துப்புரவாக்கினது ஆர்?" என்று கேட்டான் அவன்.

இல்லாத காலமாம். விருந்துக்கா போயிருந்தாள்? அவனும் ஷெல்லடிக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவன்தான். ஓடியவனே இப்படிக் கேட்டதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

பறவைக் கணக்கின் முடிவைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வாசித்தார்கள். பரமேஸ்வரன் மாஸ்டர்தான் தை மாதம் தோறும் தொண்டர்களைச் சேர்த்து இதை நடத்துகிறவர். ஆங்கிலத்தில் வந்த தலைப்புகளைத் தமிழாக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"நிரந்தரமாக இருப்பவை: கொக்கு, நாரை, நீர்க்காகம். போன முறையைவிடக் குறைவு. இடம்பெயர்ந்தவை: தாரா, உள்ளான். போன முறையைவிட இரட்டிப்பு."

இடம்பெயர்ந்தவை! புத்தளத்தில் அரிசிக்கும் மாவுக்கும் அந்தச் சொல்லை வைத்துத்தான் அவளை வரிசையில் நிறுத்தினார்கள். வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்குப் போனதும் அந்தச் சொல்லோடுதான்.

பின்னாலிருந்து சங்கிலி குரல் கொடுத்தான். "பயப்பிடாதேங்கோ மாஸ்டர், இடம்பெயர்ந்ததுகள் மாசி முடியத் திரும்பிப் போயிடும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். மண்டபம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார்.

உம்மு ஹானி எழும்பினாள்.

"மாஸ்டர், அந்தத் தாராக்களை எண்ணினது நான்தான். அதுகளை ஆராவது கலைச்சவையோ? குளிருக்குத் தானா வந்தது, வெயிலுக்குத் தானா போகும். வீடு வாசலைப் பறிச்சுக் கலைச்சு விட்டது எங்களை. எங்கட சொல்லை ஏன் அதுகளுக்குக் குடுக்கிறியள்?"

ஊர் இன்னும் கலைத்தவர்களின் கையில்தான் இருந்தது; அவர்கள் யார் என்று அன்றைக்கு அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவளும் சொல்லவில்லை. மாஸ்டரின் முகம் கறுத்தது.

"சொல்லுப் பிழைச்சுப் போச்சு, பிள்ளை. விருந்தாளிப் பறவை எண்டு மாத்திறன்."

மாற்றினார். நல்ல மனிதர்தான். தாராவுக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது, எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள். வயலைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. எண்ணத் தெரிந்த இத்தனை பேரில் ஒருவருக்கும் அவளை ஊர்க்காரியாக எண்ணத் தோன்றவில்லை என்ற ஆத்திரத்தோடு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மாசி முடிந்தது. நெல் அறுத்தாயிற்று, தாராக்களும் போய்விட்டன. ஒரு காலை சங்கிலி வந்து பார்த்தபோது வயலின் எல்லையில் உம்மு ஹானி இரும்பு அலவாங்கால் கிடங்கு கிண்டி வேலிக்குக் கதியால் கம்புகளை நட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அலுவல், தங்கச்சி?"

"போகவேண்டியதெல்லாம் போயிட்டுதோ எண்டு எண்ண வந்தனான்." அவள் நிமிரவில்லை. அடுத்த கிடங்குக்கு அலவாங்கை ஓங்கினாள். "நீங்கள்தான் இன்னும் நிக்கிறியள், அண்ணை."