சிவப்புத் திரை

கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்டினால் அது பாட்டுக்குச் செய்துவிடும், நிச்சயம்தானா என்று கேட்காது. கடலூரில் நான் வேலை பார்த்த சின்ன அலுவலகத்தில் எனக்கு எப்போதும் இரண்டு டெர்மினல் திறந்திருக்கும். ஒன்று சோதனைக்கு. இன்னொன்று சிதம்பரத்தில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் லைவ் சர்வர், நிஜ நோயாளிகளின் விவரங்கள் இருப்பது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் லைவுக்கு மட்டும் பின்னணியைச் சிவப்பாக்கி வைத்திருந்தேன். சிவப்பைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிடும். இரண்டு வருஷத்தில் ஒரு தப்பும் நடக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மேசைகளைத் துடைத்துவிட்டு நான் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரன் என்னோடு கல்லூரியில் படித்தவன். அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். என் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். நான் போன பிறகு என் சிஸ்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு நிற்காமல், அதிலிருந்த எல்லா டெர்மினலுக்கும் சரஸ்வதி படத்தைப் பின்னணியாகப் போட்டுவிட்டான்.

லீவு முடிந்து வந்து பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னடா இது? எது லைவு, எது டெஸ்ட்டுன்னு எப்புடித் தெரியும்?"

"பூஜ போட்ட சிஸ்டத்துல செவப்பு நல்லாவா இருக்கு மச்சான்? சாமி படம். இன்னிக்கி ஒரு நாளு இருக்கட்டும்."

சாமி படத்தை நாமே எடுப்பதா என்று எனக்கும் தயக்கம். விட்டுவிட்டேன். அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பதினோரு மணி டீக்கு முன்னால், சோதனை டேட்டா என்று நினைத்து லைவை அழித்தேன். வரியின் தொடக்கத்தில் சர்வர் பெயர் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. வீணைக்கு நடுவே அதை யார் கவனித்தார்கள். பேக்கப் என்று எடுத்து வைத்திருந்த நகல் ஐந்து நாள் பழசு. அந்த ஐந்து நாளில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் வந்து ரத்தம் கொடுத்துப் போனவர்கள் மறுபடி வந்து கையை நீட்ட வேண்டியதாயிற்று.

"கலர மாத்துனது யாரு?" என்று முதலாளி கேட்டார். இவன்தான் என்றேன்.

"அவன் சிஸ்டத்த நான் ஏன் சார் தொடப்போறேன்?" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த வாரமே என் வேலை போயிற்று.

ஆறு மாதம் கழித்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த அவன், ஒன்றுமே நடக்காத மாதிரி தோளில் கை போட்டான்.

"இப்ப ஆபீசுல எல்லாருக்கும் லைவுன்னா செவப்புதான் மச்சான். ரூலே போட்டாச்சு. நான்தான் சொன்னேன். மொதலாளி என்னய டீம் லீடர் ஆக்கிட்டாரு."

தோளிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டேன். "நல்ல ஐடியாடா" என்றேன்.

"ஆமா மச்சான். ஒனக்குக்கூட அப்ப தோணல பாரு."